நங்கையின் கட்டை விரல்

நான் கால் முந்திப் பிறந்தவள். எங்கள் வெள்ளகோவில் பக்கத்தில் அப்படிப் பிறந்தவர்களுக்கு ஒரு வேலை கேட்காமலே வந்து சேரும். யாருக்காவது இடுப்புப் பிடித்துக்கொண்டால், கழுத்துச் சுளுக்கிக்கொண்டால், வலிக்கிற இடத்தைக் காலால் மூன்று முறை மெள்ள நீவிவிட வேண்டும். மூன்று நாள், விடியற்காலையில், பல் விளக்குவதற்கு முன்னால். அவ்வளவுதான். மந்திரமும் கிடையாது, மருந்தும் கிடையாது. நடக்கப் பழகிய நாளிலிருந்து ஊரில் பாதிப் பேர் முதுகில் நான் கால் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் முதுகிலும் வைத்தேன். இடுப்பு நிமிர்ந்ததும் அவர் கையில் எடுத்த முதல் பொருள் பிரம்பு.

இதில் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், சின்ன வயசில் யோசித்ததே இல்லை. கோயம்புத்தூருக்கு வந்து படித்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்ததால்தான் கெடுதலும் வந்தது.

மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்து, கிணற்றில் இறைக்கத் தண்ணீர் இல்லாமல் போனதும் என் அண்ணன் காளைகளை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர் மில்லில் வந்து சேர்ந்தான். நங்கையும் வந்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். அண்ணனுக்குப் பஞ்சு உடைக்கிற இடத்தில் வேலை. நங்கைக்கு ரீலிங்கில், அது பெண்பிள்ளைகள் மட்டும் வேலை செய்யும் பகுதி. மில்காரர்கள் குடியிருக்கும் லைனில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் உள்ள வீடு. அப்பாவும் அம்மாவும் ஊரிலேயே இருந்தார்கள். என்னை மட்டும் அழைத்துவந்து பெண்கள் ஹைஸ்கூலில் சேர்த்தார்கள். சேர்த்தது நங்கைதான், அண்ணனுக்கு அதில் அவ்வளவு இஷ்டம் இல்லை.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இத்தனை பாரம் பொஸ்தகம்?" என்றான்.

"நீங்க சித்தெ சும்மா இருங்க. கையெழுத்துப் போடத் தெரியாம நாந்தான் மசியத் தொட்டு உருட்டறேன். இவளாச்சும் பேனா புடிக்கட்டும்" என்றாள் நங்கை. அதோடு பேச்சு முடிந்தது.

நான் சொல்ல வந்த விஷயம், கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு உபாத்தியாயினிப் பயிற்சிக்கு மனுப் போட்டுக் காத்திருந்த கோடையில் நடந்தது. படிக்க ஒன்றும் பாக்கி இல்லை. சும்மா இருக்கவும் எனக்குத் தெரியாது. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுக்கிற காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் தூரப் போடுவேன். அதுவும் தீர்ந்துபோனால் பழைய சுகாதாரப் பாடப்புத்தகம். அதை நான்காம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரீலிங் வேலை பார்க்கச் சுலபமாக இருக்கும். நீளமான சட்டம் ஒன்று ராட்டினம்போலச் சுழலும். அதில் நூல் இழைகள் பக்கம் பக்கமாகச் சுற்றிக்கொண்டு சிட்டம் சிட்டமாகச் சேரும். பவானி ஜமக்காளத் தறிக்காரர்களுக்கு நூல் போவது அப்படிச் சிட்டமாகத்தான். ஓர் இழை அறுந்தால் சட்டத்தை நிறுத்தி, முனையைத் தேடி எடுத்து, முடிந்து, மிச்சமிருக்கும் வாலை அறுத்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். கோடையில் காற்றில் ஈரம் இல்லாததால் நூல் சும்மா சும்மா அறும். அந்த வரிசையிலேயே நங்கைதான் வேகமான கை. முடிச்சுப் போட்ட வேகத்திலேயே வாலைக் கட்டை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று சுண்டுவாள், அறுந்து விழும். காலை முதல் பொழுது சாயும்வரை இதே சுண்டல்.

ஒரு நாள் சாயங்காலம் சோறு வடிக்கும்போது அவள் கை நழுவி, கஞ்சியும் பாதிச் சோறும் தாழ்வாரத்தில் கொட்டின.

"என்னங்க நங்கை, சுட்டுப்போட்டுதா?" என்று ஓடினேன்.

"சுடுல கண்ணு. கட்டை வெரலுக்குக் கீழே சுளீர்னு இழுத்துச்சு. நாலஞ்சு நாளா இப்படித்தான். நரம்பு பொரண்டிருக்கும். நீ இருக்கையில எனக்கென்ன? வெடியால காலை வெச்சு ஒரு நீவு நீவி உடு."

மூன்று நாள் நீவினேன். மூன்று முறை, மெள்ள. வலி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. நியாயமாக அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் நான் படித்தவள் அல்லவா? தேய்த்துவிட்டால் ரத்த ஓட்டம் பெருகும் என்று சுகாதாரப் புத்தகத்தில் போட்டிருந்தது. அப்படியானால் மூன்று முறை எப்படிப் போதும் என்று எனக்குத் தோன்றியது. நம் ஜனங்கள் விஷயத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அளவைத்தான் குறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். நல்லெண்ணெயைச் சூடாக்கினேன். முதலில் குதிகாலால் அழுத்தி நீவல். பிறகு இரண்டு கட்டை விரலாலும் உருவல். கடைசியில் அவள் விரலைப் பிடித்து ஓர் இழுப்பு. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி. எங்கள் வழக்கத்தையும் பாடப்புத்தகத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் புதிதாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு ஒரே உற்சாகம்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நான் உருவும்போது மணிக்கட்டுக்கு உள்ளே ஏதோ நறநறத்தது. கஞ்சி போட்ட புதுச் சேலையைக் கசக்கினால் விரலுக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

"பாத்தீங்களா நங்கை! வாயு உடையுது!"

"உடையட்டும், உடையட்டும்" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர் நின்றது. நான் இன்னும் அழுத்தினேன்.

வாரம் முடிவதற்குள் கட்டை விரலின் அடியிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி ஓர் அவரைக்காய் நீளத்துக்கு வீங்கிவிட்டது. தண்ணீர்ச் சொம்பை அவளால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. சேலையைப் பிழிய முடியவில்லை. வீட்டில் இதை எப்படியோ மறைத்தாள். மில்லில் முடியவில்லை. அடுத்த ரீலில் நிற்கும் பல்லடத்துக்காரி, லைன் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனம்மணி, உங்க நங்கை முடிஞ்ச முடிச்சு இன்னைக்கு மூணு தடவை அவுந்துபோச்சு. அவ கையில முடிச்சு அவுந்து நான் பாத்ததே இல்ல. மேஸ்திரியும் பாத்துப்போட்டாரு."

"என்னங்க சொன்னாரு?"

"என்னத்தைச் சொல்லுவாரு? கேட்டுக்கு அக்கட்ட கையக் காட்டுனாரு. அங்க நிக்கறாளுகளே, அவுங்களக் காட்டுனாரு."

எனக்கு விளங்கியது. தினமும் விடியற்காலையில் மில் கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். எங்களைப்போல மழை பொய்த்த ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஓர் இடம் காலியானால் போதும். நங்கை அந்தக் கேட்டில் நாலு மாதம் நின்று உள்ளே போனவள். அவள் ரீல் போய்விட்டால் மறுபடியும் அந்த வரிசையில்தான் போய் நிற்க வேண்டும். அதுவும் கை வராதவள் என்ற பேரோடு.

அன்று மாலை அண்ணன் வீக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சூடு போட்டரலாம்" என்றான். "நம்ம செவலைக் காளைக்கு முன்னங்கால் நரம்பு வீங்குனப்போ சூடு போட்டுத்தானே நடந்துச்சு? ரெண்டு இழுப்பு இழுத்தா ஓடிப்போயிரும்."

"ஏனுங்க, அந்தக் காளை பொறகு என்னாச்சுங்க?" என்று கேட்டாள் நங்கை.

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "சந்தையில வித்துப்போட்டோம்."

"அப்ப என்னைய எந்தச் சந்தைக்கு ஓட்டறதுன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க. பொறகு கம்பியக் காய வைக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. அந்த வீக்கம் என் கைவேலை என்று எனக்கு உள்ளுக்குள் உறைக்க ஆரம்பித்திருந்தது. மறுநாள் அவளை அரை நாள் விடுப்புக் கேட்கச் சொல்லி, டவுனில் பெண்களுக்கான ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மாள் என்னைவிடப் பத்து வயசு மூத்திருப்பார், அவ்வளவுதான். பட்டணத்துப் பேச்சு, படபடவென்று. வெளியே இன்னும் அறுபது பேர் காத்திருந்தார்கள். அவர் முகத்தில் அது தெரிந்தது. நங்கையின் கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொள்ளச் சொன்னார். பிறகு அந்த முஷ்டியைச் சுண்டு விரல் பக்கமாக லேசாகச் சாய்த்தார். பிரசவத்துக்கே வாய் திறக்காதவள் என்று ஊரில் பேர் வாங்கிய நங்கை, "அம்மா!" என்று கத்தினாள். (அந்தக் குழந்தை தங்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.)

டாக்டரம்மாள் வீக்கத்தின்மேல் விரலை வைத்து, கட்டை விரலை அசைக்கச் சொன்னார். அதே நறநறப்பு. அவர் முகம் மாறியது.

"யார் இதை இப்படித் தேய்ச்சது?"

"நானேதானுங்க" என்றாள் நங்கை, ஒரு கணம்கூடத் தாமதிக்காமல். "எண்ணெயத் தொட்டு..."

"இடது கையால இத்தனை அழுத்தம் வராதும்மா."

"நான்தான் தேய்த்தேன்" என்றேன். "கால் மணி நேரம். ரெண்டு வேளையும். தேய்த்தால் ரத்த ஓட்டம் பெருகும் என்று சுகாதாரப் புத்தகத்தில்..."

"வீங்கிச் சிவந்து சுடற இடத்துக்கு ரத்தம் போதலைன்னு அந்தப் புத்தகத்துல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை.

அவர் என் இடது கையை இழுத்து என் வலது முன்கையைப் பிடிக்க வைத்தார். "கட்டை விரலை ஆட்டு. எங்கே அசையுது?"

ஆட்டினேன். விரல் நுனி இங்கே ஆட, முழங்கைக்குப் பாதி வழியில், என் பிடிக்குள் சதை புரண்டது. இத்தனை வருஷமாக இந்தக் கையை வைத்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கவனித்ததே இல்லை!

"இழுக்கற சதை அங்கே. இழுபடற விரல் இங்கே. நடுவுல கயிறு. நீங்க எல்லாத்தையும் நரம்புன்னு சொல்லிடறீங்க. இது நரம்பில்லை, நாண். நரம்பு சேதி கொண்டு போகும், நாண் இழுக்கும். மணிக்கட்டுக்கிட்ட வந்ததும் அந்த நாண் ஓர் உறைக்குள்ளே நுழைஞ்சு போகும். பாவாடை நாடா பட்டைக்குள்ளே போகுதே, அப்படி." நங்கையின் பக்கம் திரும்பினார். "நாள் பூரா அந்த நாடாவை இப்படியும் அப்படியும் இழுத்துக்கிட்டே இருந்தா என்னம்மா ஆகும்?"

நூலோடு வாழ்கிறவள் நங்கை. யோசிக்கவே இல்லை. "பட்டை நூல் நூலாப் பிரியுமுங்க. உள்ள தும்பு சேந்து நாடா சிக்கிக்கும்."

"அதேதான். நாணும் தடிச்சுப்போச்சு, உறையும் வீங்கிப்போச்சு. வழுக்கிக்கிட்டுப் போகவேண்டியது உரசிக்கிட்டுப் போகுது. அந்த உரசல்தான் நறநறன்னு கைக்குத் தெரியறது. அதைத்தான் இந்தப் பொண்ணு ரெண்டு வேளையும் அமுக்கி அமுக்கித் தேய்ச்சிருக்கு."

"அப்ப வாயு இல்லீங்களா?" என்றாள் நங்கை.

"வாயுவும் இல்லை, வாழைக்காயும் இல்லை."

டிங்க்சர் அயோடின் தடவி, பஞ்சு வைத்து, எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுவதுபோல ஒரு மெல்லிய மரத் தப்பையை உள்ளங்கைப் பக்கம் கொடுத்து, கட்டை விரல் ஆடாதபடி முன்கையில் பாதிவரைக்கும் கட்டினார்கள். நாளுக்கு இரண்டு முறை கட்டைப் பிரித்து, விரலை அசைக்காமல் வெந்நீர் ஒத்தடம். திரும்பக் கட்டிவிட வேண்டும். மூன்று வாரம். தேய்க்கக் கூடாது, உருவக் கூடாது, சொடக்கு எடுக்கக் கூடாது. அடங்காவிட்டால் அந்த உறையைச் சிறிதாகக் கீறிவிட வேண்டியிருக்கும்; அது பெரிய காரியம் இல்லை, ஆனாலும் கத்திதான் என்றார்.

"மில்லு வேலைங்க?" என்றாள் நங்கை.

"சொம்புகூடத் தூக்கக் கூடாது. வேலையைப் பத்திக் கேக்கறியா?"

இப்போதும் சுளுக்கு என்று யாராவது தேடிக்கொண்டு வருகிறார்கள். மூன்று முறை மெள்ள நீவுகிறேன். அதனால் யாருக்கும் கேடில்லை. அதற்குமேல் ஒரு முறைகூட நீவுவதில்லை. மணிக்கட்டு, கட்டை விரல் என்று வந்தால் காலை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் நங்கை கட்டோடு மில்லுக்குப் போனாள். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றுதான் போனாள். பொழுது சாய்ந்துதான் வந்தாள். கட்டு கையில் அப்படியே இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் துணியின் நுனியை இரண்டாகக் கிழித்துத் தட்டையாக முடிந்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் குட்டியாக, இறுக்கமாக, ரீலிங் முடிச்சு.

"தப்பையை எங்க வெச்சிருந்தீங்க, பகலெல்லாம்?"

சோற்றுப் பாத்திரத்தைக் கண்ணால் காட்டினாள். "தூக்குப்போசியில. சோத்துக்கு மேல துணியப் போட்டு."

"டாக்டரம்மா அத்தனை சொல்லியும்..."

"அந்தம்மா நல்லவங்கதான். ஆனா என் ரீல அவுங்களா காவல் காப்பாங்க? மூணு வாரம் ஊட்டுல குந்துனா வேற ஒருத்தி வந்து நின்னுக்குவா. பொறகு நான் எங்க போயி நிக்கறது, சொல்லு. கேட்டுலயா?"

ரீலிங்கில் ஒரு வழக்கம் இருந்தது. சீக்கோ பிரசவமோ என்று ஒருத்தி நின்றால், அதே வீட்டு ஆள் ஒருத்தி பதில் ஆளாக வந்து நிற்கலாம். மேஸ்திரி ஒப்பினால் இடம் போகாது. தங்கைக்காரி, நாத்தனார், மகள் என்று வந்து நிற்பார்கள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். எங்கள் வீட்டில் இருந்த நாத்தனார் நான் ஒருத்திதான். ஆனால் அவள் வாயிலிருந்து அது வரவில்லை.

"நான் போறேன்" என்றேன்.

"அதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்?" என்று சீறினாள். அவள் என்னிடம் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் குறுக்கே வந்தான். "படிச்ச புள்ளைய மில்லுக்குத் தாட்டி உட்டம்னா ஊர்ல ஒறம்பரைக, சொந்தக்காரங்க கேக்க மாட்டாங்களா?"

"அவங்க கேட்டா, நீங்க மழை பேஞ்சுதான்னு திருப்பிக் கேளுங்க" என்றேன்.

நங்கை என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாள், கழிவு நூல் போட்டு வைத்திருந்த கூடையிலிருந்து ஒரு கை நூலை எடுத்து என் மடியில் போட்டாள். "முடி பாக்கலாம்" என்றாள். நான் முடிந்ததைப் பார்த்துத் தலையில் இடது கையால் அடித்துக்கொண்டாள்.

மேஸ்திரிக்கு ஐம்பது வயசு இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார். "பள்ளிக்கூடத்து அம்மணிங்களா? இங்கிலீசுல நூல் முடிவீங்களோ?" வரிசை முழுக்கச் சிரித்தது. பிறகு நங்கையிடம் கறாராகச் சொன்னார்: "மூணு வாரம். நாலாவது வாரம் திங்கக்கிழமை நீ வந்து நிக்கோணும். இல்லீன்னா ரீல் வேற ஆளுக்கு. பொறகு என்னையக் கொற சொல்லப்படாது."

முதல் வாரம் என் முடிச்சுகள் அவிழ்ந்துகொண்டே இருந்தன. "அம்மணி முடிஞ்சா முடிச்சு, ஆத்தா முடிஞ்சா பேச்சு" என்று பல்லடத்துக்காரி ஏதோ ஒரு பாட்டு கட்டினாள்; அர்த்தம் இல்லை, ஆனால் எல்லோரும் பாடினார்கள். அவிழ்ந்ததையெல்லாம் அவளேதான் எட்டிப் பிடித்து முடிந்தும் கொடுத்தாள். இரண்டாம் வாரம் முடிச்சு அவிழாமல் நின்றது. கூடவே என் கட்டை விரலுக்குக் கீழேயும் ஒரு குத்தல் ஆரம்பித்தது. நங்கை சொல்லிக் கொடுத்தபடி நானும் வாலை விரலில் சுற்றிச் சுண்டிக்கொண்டிருந்தேன்.

பயம் வந்ததும் நான் மற்றவர்களின் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். வேலை ஒன்றுதான், அறுக்கிற விதம் ஆளுக்கு ஒன்று. சுண்டி அறுக்கிறவர்கள் நாலைந்து பேர். அத்தனை பேருக்கும் மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. பல்லடத்துக்காரி பல்லால் கடித்து அறுப்பாள். அவளுக்குப் பல் வலி உண்டு, கை வலி கிடையாது. அப்படியானால் முடிச்சு இல்லை, சுண்டல்தான் நாணை உரசுகிறது என்று எனக்குப் பட்டது. அன்றே தையல்காரர் ஒருவரிடம் முனை மழுங்கிய சின்னக் கத்திரி ஒன்றைக் கேட்டு வாங்கி, கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போனேன்.

"மருத்துவச்சி வந்துட்டாங்கடி! யாருக்குத் தொப்புள்கொடி அறுக்கோணும்?" என்று வரிசையில் ஒருத்தி கத்தினாள்.

மேஸ்திரி, கத்திரி நூலில் பட்டால் சிட்டமே போச்சு என்று முதலில் பிடுங்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, மழுங்கல்தானே என்று திருப்பிக் கொடுத்தார். வேகம் குறைந்தது உண்மை. குத்தலும் குறைந்தது. நான் இதை எல்லோருக்கும் விளக்கினேன், டாக்டரம்மாளின் நாடா, பட்டை உட்பட. மணிக்கட்டில் துணி சுற்றியவர்களில் இருவர் கத்திரிக்கு மாறினார்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுச் சுண்டிக்கொண்டே இருந்தார்கள். வேகம் குறைந்தால் யார் பதில் சொல்வது என்று ஒருத்தி கேட்டாள்.

வீட்டில் நங்கைக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. அண்ணன்தான் சோறு வடித்தான். முதல் நாள் அவனும் கஞ்சியோடு பாதிச் சோற்றைக் கொட்டினான். "நல்ல கையி இருந்தும் இதான் லட்சணமாக்கும்" என்றாள் நங்கை, தப்பைக் கையை மடியில் வைத்துக்கொண்டு. காலையும் மாலையும் நான்தான் கட்டைப் பிரித்து ஒத்தடம் கொடுத்தேன். வெந்நீர்த் துணியை வைப்பேன், எடுப்பேன். விரல் தானாக அழுத்தப் போகும், இழுத்துக்கொள்வேன். வீக்கம் முதல் வாரம் அசையவில்லை. இரண்டாம் வாரம் தோல் சுருங்கத் தொடங்கியது.

மூன்றாம் வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டைப் பிரித்ததும் கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கையோபோல் இருந்தது. டாக்டரம்மாள் விரலை வைத்து ஆட்டச் சொன்னார். நறநறப்பு இல்லை. முஷ்டியை மடக்கிச் சாய்த்தார். நங்கை முகத்தைச் சுளித்தாள், கத்தவில்லை.

"கத்தி வேண்டாம்" என்றார். "ஆனா இன்னும் ஒரு வாரம் பொறுக்கணும். கட்டிப் போட்ட கை இறுகியிருக்கும். வெந்நீருக்குள்ளே விரலை மெள்ள மடக்கி நீட்டணும். வலிக்கற இடத்துல நிறுத்திடணும். ஒரேயடியா வேலையில் இறக்கினா மறுபடி முதல்லேருந்துதான்."

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை கெடு.

திங்கட்கிழமை காலை இருவருமாகவே போனோம். கேட்டுக்கு வெளியே நின்ற பெண்கள் நங்கையின் கையைத்தான் பார்த்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. நாங்களும் அப்படித்தான் பார்த்திருப்போம்.

"வந்துட்டேனுங்க" என்றாள் நங்கை.

"முடிச்சுப் போடுவியா?" என்றார் மேஸ்திரி.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன். "இந்த ஒரு வாரம் அவுங்க ஓட்டட்டுங்க, முனை எடுக்கட்டுங்க. முடியறது மட்டும் நான் முடியறேன்."

"ஒரு ரீலுக்கு ரெண்டு ஆளா? இதென்ன கல்யாண ஊடா?"

பல்லடத்துக்காரி தன் ரீலிலிருந்து கத்தினாள். "ரெண்டு பேரையும் சேத்தாத்தானுங்க மேஸ்திரி ஓர் ஆளு! ஒருத்திக்கு வேகமில்ல, ஒருத்திக்கு வெரலில்ல!"

வரிசை சிரித்தது, மேஸ்திரிக்கும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "சனிக்கிழமை வரைக்கும்" என்றார். "கூலிப் பட்டியல்ல பேரு ஒண்ணுதான். சனிக்கிழமை சாயங்காலம் நானே வந்து பாப்பேன்."

அந்த வாரம் நங்கை இடது கையால் முனையைப் பிடித்துக் கொடுப்பாள். நான் முடிந்து கத்தரிப்பேன். புதன்கிழமை அவள் என் கத்திரியை வாங்கிக்கொண்டாள். வியாழக்கிழமை இரண்டு முடிச்சுப் போட்டாள். வலித்ததா என்றேன், வலிச்சா நிறுத்தமாட்டனா என்றாள். வெள்ளிக்கிழமை எத்தனை போட்டாள் என்று நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு, விரலை மடக்கி நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எங்கே வலி ஆரம்பிக்கிறதோ அங்கே நிறுத்துவாள். நிறுத்துவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை நான் பெரும்பாலும் சும்மாதான் நின்றேன். பழைய வேகம் இல்லை. அதில் பாதிக்கு மேல் இருக்கும். அவள் பழக்கதோஷத்தில் இரண்டு தடவை வாலைக் கட்டை விரலில் சுற்றினாள். இரண்டு தடவையும் தானே அவிழ்த்துவிட்டுக் கத்திரியைத் தேடினாள்.

பொழுது சாயும்போது மேஸ்திரி வந்து அவள் பின்னால் நின்றார். ஓர் இழை அறுந்தது. அவள் நிறுத்தினாள், எடுத்தாள், முடிந்தாள். அவர் கையை நீட்டி அந்த முடிச்சின் இரண்டு பக்கமும் நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். முடிச்சு நின்றது. முடித்து வைத்திருந்த சிட்டம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மணி, திங்கக்கிழமையிலிருந்து நீங்க வர வேண்டியதில்லீங்க."

நான் இரண்டு கையையும் கூப்பிவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. "ஆகாதுன்னு நிறுத்தறேன். நீங்க என்னடான்னா கும்புடறீங்க?"

"அவ அப்படித்தானுங்க. படிச்ச புள்ளை" என்றாள் நங்கை, திரும்பிப் பார்க்காமலே. நூல் வாலைக் கத்தரித்துவிட்டு ரீலை ஓட்டினாள்.